நான் வாங்கச் சொன்ன பிரிண்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்த வாரம் நடந்தது இது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெஷின்களில் கட்டிய சாமந்தி மாலைகளை இன்னும் யாரும் கழற்றவில்லை, காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வாரத்தில் ஒரு மதியம் நான் சாவைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அதற்குக் காரணம் ஆபீசில் இருந்த ஒரு பிரிண்டர் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அதனால் பிரிண்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஆபீசில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை மெஷின் இருந்தது. ஒரு தாள் கேட்டால் இரண்டு தாளை இழுத்துக் கசக்கித் துப்பும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் எல்லாம் ஒன்றாக இருக்கிற கலர் மெஷின் வாங்கலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். டெலிவரி சலான், தர அறிக்கை, கான்ட்ராக்ட் ஆட்களின் ஆதார் நகல் என்று அதற்கு நாள் முழுக்க வேலை இருக்கும். கலர் எதற்கு என்றால், அதற்கும் ஒரு காரணம் வந்திருந்தது. எங்களிடம் பொருள் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்த ஒருவர், மெஷினுக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது சுவிட்ச் பேனலில் மாட்டுகிற எச்சரிக்கை டேக்கில் அந்த ஆளின் கலர் போட்டோ இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பக்கத்து ஆட்கள். தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும் இல்லையா? யோசனை நல்ல யோசனைதான்.

மெஷின் என்ற பேச்சு வந்தாலே எங்கள் கம்பெனியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெயர்தான் பிட்டர், காபி மெஷின் ரிப்பேர் என்றாலும் நான்தான். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். மேனேஜர் இரண்டு மாடல்களின் படங்களை மேஜை மேல் வைத்து, எது வாங்கலாம் என்று கேட்டார். ஒன்று கலர் லேசர். இன்னொன்று பாட்டிலில் மை வாங்கி ஊற்றிக்கொள்கிற இங்க் டேங்க் மெஷின். நான் லேசர் மெஷினைப் பிரித்துப் பார்த்தவன். உள்ளே தாளைச் சுட்டுத் தேய்க்கிற உருளை ஒன்று இருக்கும். சூடாகிற பாகம் உள்ள மெஷின் சீக்கிரம் படுத்துவிடும் என்பது என் சித்தாந்தம். டோனர் விலையும் யானை விலை. இங்க் டேங்கில் அப்படி ஒன்றும் இல்லை. பைக்குக்குப் பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி ஊற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும், போட்டோவும் பளபளவென்று வரும். கம்பெனி மை கூட வேண்டாம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் அதே மாதிரி மை மலிவாகக் கிடைக்கிறது என்று அதையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அறையில் லேசர்தான் வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் அக்கவுண்ட்ஸ் மேடம். வாலாஜாபாத்காரர், அதிர்ந்து பேசமாட்டார். முன்பு வேலை பார்த்த இடத்தில், மழையில் லாரி டிரைவர் கையில் கொண்டுபோன சலான் கலைந்து, வாங்குகிற கம்பெனியின் கேட்டிலேயே சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "கலர் கொஞ்சம் டல்லா இருந்தாலும் பரவால்லபா, லேசரே வாங்கிக்கலாம். இங்க்ல அடிச்சது தண்ணி பட்டா நிக்காது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சலான வேணா கவர்ல போட்டுக் குடுத்துடலாம். டேக்கு இன்னா மேடம், குளிக்கவா போவுது? அதுவும் பிளாஸ்டிக் கவர்ல தான கீது" என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்துவிட்டுக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டார். இங்க் டேங்க் மெஷின் வந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். டேக்குக்காகப் போட்டோ எடுத்தபோது நான் நீல ஹெல்மெட்டோடு கொஞ்சம் விறைப்பாக நின்றேன். பிரிண்டைப் பார்த்த என் மனைவி, எந்தக் கட்சியில் சீட் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

இங்கே எங்கள் லைனில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். டேக்கை ஒவ்வொரு வேலைக்கும் தேதி போட்டுப் புதிதாக பிரிண்ட் எடுப்போம். மேல்பக்கம் திறந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, எந்த மெஷினில் இறங்குகிறோமோ அதன் பேனலில் முகம் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டு உள்ளே போவோம். வேலை முடிந்ததும் அதைக் கழற்றக் கூடாது. சூப்பர்வைசர் வந்து கையெழுத்துப் போடும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஆடிட் விதி. அவர் எப்போது வருவாரோ தெரியாது, அதுவரை லைனை நிறுத்தி வைக்கவும் முடியாது. அதனால் உள்ளே போனவன் வெளியே வந்ததும் தாளைத் திருப்பிப் போட்டுவிடுவான். முகம் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறான், வெள்ளை தெரிந்தால் வந்துவிட்டான், மெஷினைப் போடலாம் என்று அர்த்தம். இந்தப் பழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, நாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. எந்த மொழிக்காரனுக்கும் ஒரு தடவை காட்டினால் போதும்.

பூட்டு போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கு நான் இறங்கிய மெஷினின் பேனலில் மெயின் சுவிட்ச் கைப்பிடி உடைந்து, பூட்டு மாட்டுகிற துளையோடு போயிருந்தது. புதுசுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம், வரவில்லை. டேக்தான் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு இறங்கிய இடம், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பாகங்களைக் கழுவுகிற டனல். நீளமான தகரக் குகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு சங்கிலி ஓடும். அதில் ஜிக் என்று சொல்கிற கொக்கிச் சட்டங்கள் தொங்கும். பாகங்களை ஜிக்கில் மாட்டி விட்டால் அது ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து போகும், இரண்டு பக்கமும் வரிசையாக உள்ள நாசில்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். முதல் இரண்டு கட்டங்களில் எண்ணெய்ப் பிசுக்கு போவதற்காகக் காஸ்டிக் சோடா என்கிற காரம் கலந்த சுடுதண்ணீர். கை பட்டால் தோல் வெந்துவிடும், கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும். ஆள் நுழையும் கதவு முதல் கட்டத்தில் மட்டும்தான் உண்டு. இரண்டாவது கட்டத்தைத் தாண்டினால் சொட்டு வடிவதற்கென்று கொஞ்சம் வெற்றிடம். அங்கே நாசில் கிடையாது. அதற்கு அப்பால் ஒரு தகரத் தடுப்பு, அதில் பாகம் மாட்டிய ஜிக் மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. ஆள் அதில் போக முடியாது.

காலை ஷிப்ட் முடிந்து மதிய ஷிப்ட் வருகிற இடைவெளியில் லைன் நிற்கும். நாசில் அடைப்பு எடுக்க அதுதான் நேரம். என்னோடு வேலை பார்க்கும் விருதுநகர்க்காரர் ஒருவர் வெளியே காவலுக்கு நின்றார். ஆள் உள்ளே இருக்கும்போது ஒருவர் வெளியே நிற்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் அவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் ரூம். ஷிப்ட் பஸ் யாருக்காகவும் நிற்காது. வேலை நினைத்ததைவிட இழுத்தது. "நா வேணா நிக்கட்டுமாய்யா, ஆட்டோ புடிச்சுக்கிடுதேன்" என்று கதவில் தலையை விட்டுக் கேட்டார். டேக் தொங்குகிறது, நீங்கள் போங்கள் என்று நான்தான் விரட்டாத குறையாக அனுப்பி வைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான் இரண்டாவது கட்டத்தில் குனிந்து நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதி மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஹோஸ் பைப்பில் தரையைக் கழுவும் சத்தம் கேட்டது. போகிற ஷிப்ட் தரையைக் கழுவித்தான் வருகிற ஷிப்டிடம் ஒப்படைக்க வேண்டும், அது தினமும் நடப்பது. தண்ணீர் தகரத்தின் மேல் சடசடவென்று தெறிப்பது உள்ளே கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் அமைதி. கடைசி வரிசையில் இரண்டு நாசில்தான் பாக்கி. அப்போது ஹூட்டர் ஊதியது.

அந்த ஹூட்டரை நான் தினமும் கேட்கிறேன். கன்வேயர் ஓடப் போகிறது, விலகிக்கொள் என்று அர்த்தம். பக்கத்து லைனாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு அப்படித்தான், வேண்டாததை அடுத்தவன் தலையில் கட்டப் பார்க்கும். ஆனால் என் தலைக்கு மேலேயே சங்கிலி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. பக்கத்தில் தொங்கிய ஜிக் என் தோளைத் தொட்டுத் தள்ளியது.

கதவுப் பக்கம் இரண்டடி வைத்திருப்பேன். முதல் கட்டத்துப் பம்ப் உறுமியது. எனக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு பக்கத்திலிருந்தும் சுடுதண்ணீர் திரை போட்ட மாதிரி சீறிக்கொண்டு வந்தது. பம்ப்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும், அந்த வரிசையை அமைத்ததே நான்தான். அடுத்தது நான் நிற்கிற கட்டம். யோசிக்கவில்லை, கால் தானாக ஓடியது. வழுக்குகிற கம்பி வலை மேல் விழுந்து எழுந்து, அந்த வெற்றிடத்துக்குள் போய்த் தகரச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் இரண்டாவது பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. நான் குனிந்து நின்ற இடத்தில் இப்போது ஆவியும் சீறலும்தான் இருந்தன. தெறித்தது முழங்காலுக்குக் கீழே பட்டு, பேன்ட் காலோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஸ்பேனரால் தகரத்தை அடித்தேன். இரண்டு பம்ப் சத்தம், புகைபோக்கி மின்விசிறிச் சத்தம், அதற்குள் ஸ்பேனர் சத்தம் எங்கே கேட்கும்? போன் வெளியே லாக்கரில் இருந்தது, உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதும் விதி. விதிகளில் எதைக் கடைப்பிடிக்கக் கூடாதோ அதைச் சரியாகக் கடைப்பிடித்திருந்தேன். ஆவி ஏறிக்கொண்டே வந்தது. மூச்சு இழுத்தால் சோடா நெடி தொண்டையைக் கீறியது. கண்ணைத் திறந்தால் எரிந்தது, மூடினால் ஜிக் எங்கே வருகிறது என்று தெரியவில்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது, அதுதான் நிஜமான பயம். இப்போது வந்துகொண்டிருந்தவை காலி ஜிக்குகள். வெறும் கம்பிகள்தான். சுவரோடு ஒட்டி வயிற்றை உள்ளே இழுத்தால் உரசிக்கொண்டு போய்விடும். ஆனால் லைன் ஓட ஆரம்பித்ததும் ஏற்றுகிற இடத்தில் பாகங்களை மாட்டத் தொடங்கியிருப்பார்கள். கனமான இரும்பு பிராக்கெட்டுகள். அந்த ஜிக் வந்தால் எனக்கு நிற்க இடமே இருக்காது. என்னை இழுத்துக்கொண்டு போய் அந்தச் சந்தின் தகர விளிம்பில் வைத்து அழுத்தும். சங்கிலி மனுஷன் என்று பார்க்காது. அந்த மோட்டார் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும், நான்தானே செட் பண்ணினேன். தெரியாமல் இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேனோ என்னவோ.

சாமியைக் கூப்பிட்டேன். எந்தச் சாமி என்று நினைவில்லை, வாயில் வந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். என் பெண்ணுக்கு அப்போது ஏழாம் வகுப்பு. அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொல்லியிருந்தாள், காலையில் மறந்துவிட்டு வந்திருந்தேன். சாகப் போகிறவனுக்கு என்னென்னவோ பெரிதாகத் தோன்றும் என்பார்கள். எனக்கு அந்தக் காற்றில்லாத டயர்தான் கண் முன்னால் நின்றது. அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு காலி ஜிக் என் நெஞ்சை உரசிக்கொண்டு சந்துக்குள் நுழைந்து போனது. அது போவதைப் பார்த்தபோதுதான் மூளை வேலை செய்தது. நான் போக முடியாத சந்தில் அது போகிறது. மிச்சக் கட்டங்களைத் தாண்டி டனலை விட்டு வெளியே வரும். அங்கே காய வைக்கிற அடுப்புக்குப் போவதற்கு முன்னால், பாகத்தில் தேங்கிய தண்ணீரை ஏர் கன்னால் ஊதிவிட ஓர் ஆள் எப்போதும் நிற்பார். முதலில் கையிலிருந்த துணியை அடுத்த ஜிக்கில் கட்டினேன். ஈரத் துணியில் முடிச்சு இறுகவில்லை. சந்தைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்து விழுந்துவிட்டது. அடுத்து என்னிடம் இருந்தது ஹெல்மெட்தான். எங்கள் லைனில் எல்லோருக்கும் மஞ்சள், மெயின்டனன்ஸ்காரர்களுக்கு மட்டும் நீலம். கழற்றினால் தலையில் சுடுதண்ணீர் தெறிக்கும். கழற்றினேன். தாடைப் பட்டையைக் கொக்கியில் மாட்டி, இழுத்துப் பார்த்து, விட்டேன். நீல ஹெல்மெட் ஆடிக்கொண்டே ஆவிக்குள் போய் மறைந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பாகம் நன்றாகக் கழுவப்பட வேண்டும் என்பதற்காகக் கன்வேயர் ஆமை வேகத்தில்தான் போகும். வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் தரம் கெடும் என்று மறுத்தவனும் நான்தான். உச்சந்தலையில் சொட்டு விழ விழத் துடித்தேன். ஒவ்வொரு ஜிக் ஆவிக்குள்ளிருந்து வெளிவரும்போதும் அதில் பாகம் தொங்குகிறதா என்று பார்ப்பேன். காலி. மறுபடி காலி. பிறகு ஒன்று வந்தது, அதில் கறுப்பாகக் கனமாக ஏதோ ஆடியது. பிராக்கெட்டுகள். அது எனக்கு ஒரு கை தூரத்தில் வந்தபோது இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தள்ளினேன். பிடித்த கை வெந்தது. அது என்னைப் பின்னுக்குத் தள்ளியது. சந்தின் தகர விளிம்பு என் தோள்பட்டைக்குக் கீழே வந்து பதிந்தது. மூச்சு நின்றது.

சங்கிலி நின்றது.

பம்ப்கள் ஒவ்வொன்றாக அடங்கின. சொட்டுச் சொட்டாக வடிகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே ஒரு பெண் குரல் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடி வந்தது. "உள்ள ஆளு கீது! ஹெல்மெட்டு மட்டும் வருது, ஆளு உள்ளதான் கீது! எவன்யா லைன போட்டது?" ஏர் அடிக்கிற அந்த அக்கா வடக்குப்பட்டுக்காரர். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து ஹெல்மெட்டை எடுத்து ஓரமாக வைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் பார்த்த மாத்திரத்தில் நிறுத்தும் கயிற்றை இழுத்திருக்கிறார். எப்படிப் புரிந்தது என்று பிறகு ஒருநாள் கேட்டேன். ஹெல்மெட்டிலிருந்து ஆவி வந்தது, அது சும்மா மாட்டி விட்டதாகத் தெரியவில்லை என்றார்.

கதவைத் திறந்து என்னை இழுத்துப் போட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். காலிலும் கையிலும் கொப்புளம், முதுகில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். பல் அடித்துக்கொள்வதை நிறுத்த முடியவில்லை. லைனைப் போட்ட ஆபரேட்டர், ஒடிசாக்காரர், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, பேனலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் ஓடி வந்து, கண்ணு தெரியாதா, டேக் மாட்டியிருந்ததா இல்லையா என்று அவரைத்தான் பிடித்தார். இன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பு என்று கான்ட்ராக்டருக்குப் போன் போகப் போகிறது. அந்த மனிதர் என்னைப் பார்த்தார். "அண்ணா, போட்டோ இல்லே. வெள்ளே இருந்துச்சு. நான் பாத்தேன் அண்ணா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நான் தலையைத் தூக்கிப் பேனலைப் பார்த்தேன். டேக் நான் மாட்டிய இடத்திலேயே இருந்தது, யாரும் திருப்பவில்லை. தரை கழுவிய தண்ணீர் தெறித்து, கவரின் திறந்த வாய் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. எழுத்து இல்லை, முகம் இல்லை. அங்கங்கே வெளிறிய கறை மட்டும். திருப்பிப் போட்ட தாளிலும் மை ஊறி அப்படித்தான் தெரியும். கவரின் அடியில் கொஞ்சம் நீலத் தண்ணீர் தேங்கி நின்றது. அதுதான் என் ஹெல்மெட், என் சட்டை, என் முகம் எல்லாம். அதைப் பார்த்தபோது டனலுக்குள் பட்ட பயத்தைவிட ஒரு படி மேலான பயம் வந்தது. உள்ளே நான் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தபோதே, வெளியே என்னை இல்லாமல் ஆக்கிவிட்டிருந்தது அந்தத் தாள்.

ஆபரேட்டர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது வெள்ளைதான் என்று மேனேஜரிடம் சொன்னேன். நாக்கு குழறியது, ஆனாலும் சொல்லி முடித்தேன். பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தது யார், மையை வாங்கச் சொன்னது யார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த மனிதருக்கு வேலை போகவில்லை. அதற்குள் அக்கவுண்ட்ஸ் மேடம் ஆபீசிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. அவர் அந்தத் தாளைக் கவரிலிருந்து எடுத்தார், கூழாகிக் கையோடு வந்தது. "வூட்டுக்கு போன் பண்ணிட்டியாபா? நானே பேசட்டுமா, பயந்துடப் போறாங்க" என்றார். அதற்குமேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே பேனலுக்குக் கைப்பிடி வந்துவிட்டது. இத்தனை மாதம் வராதது ஒரே நாளில் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. இப்போது பூட்டு உண்டு. உள்ளே போகிறவன் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போவான். தாளைத் திருப்புகிற பழக்கத்தை எடுத்துவிட்டோம். கேன்டீனில், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, உனக்கு ஹெல்மெட்டோடு போயிற்று என்று கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் வீட்டில் ஷவரைத் திறக்க இன்னும் கை வருவதில்லை, பக்கெட்டில் மொண்டுதான் குளிக்கிறேன். குக்கர் ஆவி விடும்போது அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

போன மாதம் என் பெண்ணின் ஸ்கூல் வேலைக்காக வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கக் கடைக்குப் போனோம். மாதம் எத்தனை பக்கம் எடுப்பீர்கள், ஸ்கேன் வேண்டுமா, வைபை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே போனார். நான் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு தாள் மாதிரிக்கு எடுக்கச் சொல்லி, கையோடு கொண்டுபோன பாட்டிலைத் திறந்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் பெண்ணுக்கு அவமானமாகப் போய்விட்டது, அப்பா வாங்க போலாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். எது வாங்கினோம் என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு சாமான் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்கிறோம். இதை நம்பி எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒருவன் நிற்கப் போகிறானா என்று மட்டும் கேட்பதில்லை. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். இப்போது எதைத் தொட்டாலும் அந்தக் கேள்வி ஒரு பயமாக முன்னால் வந்து நிற்கிறது, அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.